நியூட்ரலில் இறங்காத வண்டி

எங்கள் குடும்பத்தில் யார் பழைய கார் வாங்கினாலும் அண்ணா வந்து காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் வாங்குவார்கள். பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குனிவார். இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு "எடுத்துக்கோ" அல்லது "விட்டுடு". அப்பீல் கிடையாது. பம்பாயில், மாட்டுங்காவிலும் செம்பூரிலுமாக ஏழு கார்கள் அவர் காது வழியாக வந்திருக்கின்றன.

எட்டாவது என்னுடையது. அதற்குச் சத்தமே இல்லை.

ஐம்பத்து மூன்று வயதில், முழங்கால் தேய்ந்த பிறகு, செம்பூரிலிருந்து டிராம்பே அலுவலகத்துக்கு பஸ் படி ஏறி இறங்கியது போதும் என்று முடிவு செய்தேன். புது மின்சாரக் கார் எனக்குக் கட்டுப்படியாகாது. நான்கு வருடம் ஓடிய ஒன்று தாராவியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விற்பனைக்கு நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாவும் நானும் போனோம். ஒர்க்‌ஷாப்காரர் திருநெல்வேலிப் பக்கம். கேள்வி கேட்டவள் நான். அவர் பதில் சொன்னதெல்லாம் அண்ணாவுக்கு.

"அண்ணாச்சி, பேட்டரில ஒரு கொற சொல்ல முடியாது. வண்டி வெண்ண கணக்கா ஓடும்."

அண்ணா பானெட்டைத் திறந்து குனிந்தார். நிமிர்ந்தார்.

"ஆன் பண்ணுங்கோ."

"ஆன்லதான் அண்ணாச்சி இருக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அண்ணா பானெட்டை அடித்துச் சாத்தினார்.

"மிக்ஸிக்குக்கூட ஒரு சத்தம் உண்டுடீ. இதுல என்னத்தக் கேக்கறது? விட்டுடு."

நான் விடவில்லை. பையிலிருந்து டைரியை எடுத்து, முதல் நாளே எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். முழு சார்ஜில் புறப்பட வேண்டும். இரண்டு பேர், ஏ.சி. போட்டபடி. கல்யாண் போய்த் திரும்பும்போது நாற்பது சதவீதம் மீதி இருந்தால் வாங்குவேன். முப்பத்தொன்பது என்றால் வேண்டாம்.

"யக்கா, பரீச்சைல்லா வைக்கிய!" என்றார் ஒர்க்‌ஷாப்காரர். ஆனாலும் சாவியைக் கொடுத்தார்.

"நானும் வரேன். நடுவழில நின்னா தள்றதுக்கு ஆள் வேணுமே" என்று அண்ணா முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

புறப்பட்டது 7.10, சார்ஜ் நூறு. முதல் மேம்பாலத்தின் உச்சியைத் தாண்டியதும் அண்ணா, "நியூட்ரல் போடு" என்றார். நான் ஓட்டக் கற்றது அவருடைய பழைய பெட்ரோல் காரில். இறக்கம் வந்தால் நியூட்ரல், பெட்ரோல் மிச்சம். எங்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேர் பம்பாயின் மேம்பாலங்களை இப்படித்தான் இறங்கினோம். மின்சாரக் காரில் இது தப்பு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும். குறைகிற வேகம் மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்பும். நியூட்ரலில் போட்டுவிட்டுப் பாலம் முடியும் இடத்தில் பிரேக்கை மிதித்தால் அத்தனையும் சூடாகிப் போய்விடும். வண்டியின் கையேட்டை மூன்று முறை படித்து, இந்த வரிக்குக் கீழே கோடும் போட்டிருந்தேன். இருந்தும் அவர் சொன்னவுடன் என் கை கியர் குமிழைத் திருப்பியது. அடுத்த பாலத்திலும் திருப்பியது. கல்யாண் வரை ஒவ்வொன்றிலும்.

8.35, கல்யாண். அறுபத்தெட்டு.

டீக்கடையில் அண்ணா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "முப்பத்திரண்டு போயிடுத்து. இன்னொரு முப்பத்திரண்டு போனா முப்பத்தாறு. உன் டைரியே வேண்டாம்னு சொல்றது. பேசாம ஆட்டோல போ."

டீ ஆறிப்போகும்வரை டைரியில் எழுதிய அந்த அறுபத்தெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிமேல் கோபம் வரவில்லை. திருப்பிய கை என்னுடையது.

திரும்பும்போது முதல் பாலத்தின் உச்சியில் அண்ணா வழக்கம்போல், "நியூட்ரல்" என்றார்.

"போட மாட்டேன்."

"என்னது?"

"போட மாட்டேன், அண்ணா. நீங்க சொல்லி வரும்போது போட்டேன். அது என் தப்பு."

"ஓட்டச் சொல்லிக் குடுத்தவன் நான்டீ."

"பெட்ரோல் வண்டி சொல்லிக் குடுத்தேள்."

ஒவ்வொரு இறக்கத்திலும் காலை எடுத்தேன். வண்டி தானே மட்டுப்பட்டது. பிரேக்கைத் தொட வேண்டியிருந்ததே அபூர்வம். ஒரு நீண்ட பாலத்தில் இறங்கும்போது ஐம்பத்தேழு ஐம்பத்தெட்டாக ஏறியது. அண்ணா அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குப் போக கிங்ஸ் சர்க்கிளில் இறங்கிக்கொள்ளும்போது, "திரும்பி வரச்சே டிராஃபிக் மெதுவா இருந்தது, அதான் சார்ஜ் மிஞ்சித்து" என்றார். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். டைரியில் அதையும் எழுதினேன். கதவைச் சாத்துமுன் குனிந்தார். "நடு ரோட்ல நின்னா எனக்கு ஃபோன் பண்ணாதே."

"பண்ணலை."

தாராவிக்குள் தனியாக ஓட்டிப் போனேன். 11.05, நாற்பத்திரண்டு.

ஒர்க்‌ஷாப்காரர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "அண்ணாச்சியக் காணோம்? அவிய என்ன சொன்னாவ?"

"விட்டுடுன்னார். பேப்பரை எடுங்க. என் பேர்ல எழுதுங்க."

மேஜையைத் திறந்து பேப்பரை எடுத்தார். பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்தே பேசினார். "சரிக்கா. சார்ஜர் வயரு உள்ள இருக்கு, எடுத்தாரேன்."

ஏழு மாதம் ஆகிறது. அண்ணா இன்னும் வண்டியில் ஏறவில்லை. அவர் சீட்டை நான் காலியாக வைத்துக் காத்திருக்கவும் இல்லை. என் பையும் டைரியும் அதில்தான் வருகின்றன. தினமும் காலையில் டிராம்பே போகும் வழியில், இறக்கம் வரும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுக்கிறேன்.