தெரேசாவின் ஊர்க்கொடி

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஏழாம் விதி: அயலவர்மீது முறைப்பாடு எழுதுமுன் அவரோடு பேச வேண்டும். விதியை எழுதியவனே நான். ஆனாலும் போர்த்துக்கல்காரி தெரேசா தன் ஆற்றங்கரை ஊரின் கொடியை, நான்கு வெள்ளிக் கோபுரமும் நீல அலையுமான சின்னத்தோடு, பால்கனியில் கட்டியதும் பேசாமல் முறையிட்டேன்.

ஒரு காலை அது காற்றில் படபடத்தது. யாழ்ப்பாணத்தில் மீனவர் அந்தோனி, மாதா பெருநாளுக்காக எங்கள் மதிலில் கட்டிய கொடியும் அப்படித்தான் படபடத்தது. அப்பா சொல்லச் சொல்ல, ஊர் அதிகாரியான விதானையாருக்கு முறைப்பாடு எழுதியபோது எனக்குப் பத்து வயது. விதானையார் காட்டிய கடிதத்தைப் படித்துவிட்டு, உப்பு மணத்த கொடியை மடித்துக்கொண்டே அந்தோனி சொன்னார்: “தம்பி, ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானே கழட்டியிருப்பன். உன்ரை எழுத்து மட்டும் நல்ல வடிவு.”

முறைப்பாட்டை மீளப்பெறுவதாக அன்றே எழுதினேன். தெரேசாவின் கதவைத் தட்டத்தான் வெட்கம் விடவில்லை. சங்கத்தின் கடிதம் கண்டு, திங்களன்று அவள் கொடியைக் கழற்றினாள். என் மீளப்பெறுதலை ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது யூன் மூன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை.