ஊறப்போடாத கயிறு

யுத்த காலத்தில் அடையாற்றில் ஒரு வில்வித்தை கிளப்புக்கு நான் காரியதரிசி. மந்தைவெளியிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய், பெரிய மனிதர்கள் விட்ட அம்புகளைத் தேடிப் பொறுக்கும் வேலைக்கு அப்படி ஒரு பெயர். வாரம் முழுக்க ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை இது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் நான்தான்; யாரை நோவது?

குறி வரைந்த துணிக்குப் பின்னால் அம்பைத் தாங்குவதற்கு வைக்கோலைத் திரித்து வட்டமாகத் தைத்து நிறுத்தியிருந்தோம். ஐப்பசி மழையில் அது மக்கிவிட்டது. ஒரு காலை ஓர் அம்பு அதைத் துளைத்துப் பின்னால் இருந்த ஒற்றையடிப் பாதைக்குப் போய், அங்கே நடந்துகொண்டிருந்த மீன்காரியின் கூடையில் குத்தி நின்றது. ஊரூர்க் குப்பத்துப் பெண்கள் பாலத்துக்குப் போகும் குறுக்குவழி அது. எங்கள் வீட்டுக்கும் அவள்தான் மீன் கொடுப்பாள். அம்பைப் பிடுங்கி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

“இன்னா நைனா, செத்த மீனையா மறுபடி கொல்றீங்கோ?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கூடையை மட்டும் உடனே தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

கிளப் தலைவர் ஓய்வுபெற்ற என்ஜினீயர். “முள்வேலி போட்டுப் பாதையை அடைச்சுடலாம்” என்றார். அடைத்தால் அந்தப் பெண்கள் தலைச்சுமையோடு ரோட்டைச் சுற்றிப் போகவேண்டும். அதற்குள் மீன் கெட்டுவிடும். அம்பு தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன், ஒரு மாதம் பொறுங்கள் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

மரத்தூளை மூட்டை கட்டிப் பார்த்தேன். ஓட்டை விழுந்த இடமெல்லாம் கொட்டி, மதியத்துக்குள் மூட்டை தொங்கிவிட்டது. மயிலாப்பூரில் மெத்தை தைக்கும் பாயிடம் இலவம்பஞ்சு திணித்துத் தரச் சொன்னேன். “அம்பு படுக்கிறதுக்கு மெத்தை தைக்கிறது இதான் சாப் மொத தபா” என்றார். அம்பு படுக்கவில்லை, மறுபக்கம் போய் விழுந்தது. கோணியை மடித்து அடுக்கினேன். அம்பு நின்றது, பிடுங்கினால் முனை உள்ளேயே தங்கிவிட்டது. எனக்கு அலுத்துவிட்டது. உலகத்தில் யுத்தம் நடக்கிறது, நான் கோணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் மீன்காரிதான் வழி சொன்னாள். கரைவலை இழுக்கும் பழைய தென்னைநார்க் கயிறு குப்பத்தில் குவிந்து கிடக்கிறதாம். இரண்டு ஆண்களைக் கூட்டிவந்து மைதானத்துக் கிணற்றடியில் போடச் செய்தாள்.

“ரெண்டு நாளு நல்ல தண்ணில ஊறப் போடு நைனா. உப்பு எறங்கணும்.”

அன்று வெள்ளிக்கிழமை, பொழுது சாய்ந்துவிட்டது. ஞாயிறோடு நான் கேட்ட மாதம் முடிகிறது. கிணற்றில் நானே இறைக்கவேண்டும், முதுகு விட்டுப்போயிருந்தது. இரண்டு வாளி தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் பாய் வந்து கயிற்றை முறுக்குப்போல் சுற்றி, கோணி ஊசியால் இறுக்கித் தைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஓர் அம்பும் தாண்டவில்லை. இரண்டு விரலால் பிடுங்கினால் வந்தது. தலைவர் என் தோளில் தட்டினார். பல வாரம் கழித்து அன்றுதான் நான் நன்றாகத் தூங்கினேன்.

நான்கே நாளில் மாடுகள் வந்துவிட்டன. உப்பு ருசி கண்ட மாடு சும்மா போகுமா? அந்தப் பாதை வழியாகவே வந்து, கயிற்றை நக்கி, முட்டி, அதைத் தாங்கிய மரச் சட்டங்களைச் சாய்த்துப்போட்டன. விரட்டினால் போய்விட்டு மறுபடி வந்தன. தலைவர் என்னைக் கேட்கக்கூட இல்லை. கயிற்றை வைத்துக்கொண்டார்கள், பாதையை முள் போட்டு அடைத்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் எங்கள் வாசலில் கூடையை இறக்கும்போது வெயில் ஏறியிருக்கும். ஒரு நாள் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பேசினாள்.

“மாட்டச் சொல்லி இன்னா நைனா? உப்பு கீற எடத்துல நக்கத்தான் செய்யும்.” பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீ ஊறப் போட்ட இல்ல?”

“போட்டேன்” என்றேன். “ரெண்டு நாள்.”

“அப்ப எங்காளுங்க கயிறுதான் சரியில்ல” என்றாள். முகம் சுருங்கிவிட்டது. கூடைக்குள் கையை விட்டு, நான் கேட்காமலே இன்னும் இரண்டு மீனை எடுத்து என் தட்டில் போட்டாள்.

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.