நடு வரிசையில் என் மனைவி

என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். அஞ்சாவதோடு நின்றவன் நான். எங்கே ர, எங்கே ற என்பது இன்னமும் குழப்பம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். யார் பேரையும் எழுதவில்லை, ஆஸ்பத்திரி எந்த ஊரில் என்றும் எழுதவில்லை. அங்கே இருந்தவர்கள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.

நானும் என் மனைவியும் மரக்காணம் உப்பளத்தில் கூலிக்குப் போகிறோம். நான் பாத்தியில் உப்பு வாருவேன். அவள் மற்ற பெண்களோடு அதைக் கூடையில் சுமந்து கரையில் கொட்டுவாள். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் பத்தாவது படிக்கும்போது என் மனைவிக்கு மறுபடி நாள் தள்ளிப்போனது. "என்னால இனிமே முடியாது," என்றாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சரி என்றேன்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. பார்த்துவிட்டு, நாள் அதிகமாகவில்லை, கலைக்கலாம் என்றார். பக்கத்தில் இருந்த நர்சம்மாதான் அடுத்ததைச் சொன்னார்.

"இது மூணாவது. அதோட குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் பண்ணிக்கணும். ஒத்துக்கிட்டா இதைப் பண்ணுவோம். வீட்டுக்காரர் கையெழுத்து போடட்டும்."

"ஆபரேஷன் இப்ப வேணாங்க," என்றாள் என் மனைவி.

"அப்ப பிரைவேட்டுக்குப் போ."

டாக்டரம்மா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டோம்.

அவள் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. எங்களோடு வேலை செய்யும் ஒரு பெண் அந்த ஆபரேஷன் பண்ணிக்கொண்டு, வீட்டில் அடுப்பு எரியாததால் தையல் ஆறும் முன்பே கூடை தூக்க வந்துவிட்டாள். இன்னமும் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் நடக்கிறாள். "பண்ணிக்கவே மாட்டேன்னு நான் சொல்லல," என்றாள் என் மனைவி. "இதைக் குடுத்தாதான் அதைத் தருவேன்னு பேரம் பேசறாங்க பாரு, அதான் எனக்கு ஒப்பல." நாள் போய்விட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு விரட்டுவார்கள், அதுவும் தாண்டினால் யாரும் தொடமாட்டார்கள் என்ற பயம் எனக்கு.

உப்பு சுமக்கும் பெண்கள் வரப்பில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத்தான் போவார்கள். உடம்பு முடியாதவளை, முழுகாமல் இருப்பவளை நடுவில் விட்டுவிடுவார்கள். மேஸ்திரி முதல் கூடையையும் கடைசிக் கூடையையும்தான் பார்ப்பார். நடுவில் போகிறவள் கூடை பாதிதான் நிறைந்திருக்கும். மீதியை முன்னும் பின்னும் போகிறவர்கள் தங்கள் கூடையில் ஏற்றிக்கொள்வார்கள். இதை யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்வதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள், அவள் தள்ளாடுவதைப் பார்த்து என் மனைவியை அப்படி நடுவில் விட்டார்கள். என்ன என்று கேட்டதும் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லிவிட்டாள். வரிசையில் முன்னால் நடக்கிற அக்கா, பெண்கள் சங்கக் கூட்டத்துக்கெல்லாம் போகிறவர். "பதினெட்டு வயசு தாண்டின பொம்பளைக்கு அவ சம்மதம் மட்டும் போதும்னு கூட்டத்துல ஒரு வக்கீலம்மா சொன்னாங்க. புருஷன் கையெழுத்தும் வேணாம், ஆபரேஷன் பண்ணிக்கோன்னு கட்டாயப்படுத்தவும் கூடாது. நாளைக்கு எல்லாரும் போலாம்," என்றார்.

மறுநாள் இருட்டோடு வேலைக்கு இறங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டு, கால்கூடக் கழுவாமல் பெண்கள் ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரித் தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கால் தடம்.

"ஏம்மா, உப்பு லாரி எங்கனா கவுந்துடுச்சா?" என்றார் வாட்ச்மேன்.

"உங்க ஊட்டுக் கொழம்புல உப்பு இல்லன்னு போன் வந்துச்சுண்ணே. அதான் நேரா வந்துட்டோம்," என்றாள் ஒருத்தி.

ஆளுக்கு ஒரு ஓ.பி. சீட்டு வாங்கினார்கள். முதலில் அக்கா உள்ளே போனார். நான் கதவோரம் நின்றதால் பேச்சு கேட்டது.

"உங்களுக்கு என்னம்மா?" என்றார் டாக்டரம்மா.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. வெளிய ஒருத்தி உக்காந்திருக்கிறா. அவளுக்கு ஆபரேஷன் இல்லாம எப்பப் பண்ணுவீங்கன்னு கேக்க வந்தேன்."

"அவங்க முறை வரட்டும், பாக்கலாம்."

அடுத்தவளும் அதையே கேட்டாள். அதற்கடுத்தவள், "எனக்கு முட்டி வலிங்க," என்று ஆரம்பித்து, மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு அதையே கேட்டாள்.

இதில் ஒரு தப்பு நடந்துவிட்டது. பழக்கதோஷத்தில் என் மனைவியை இங்கேயும் நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். அவள் முறை வருவதற்குள் பன்னிரண்டு மணியாகி ஓ.பி. நேரம் முடிந்துவிட்டது. மீதிப் பேரை நாளைக்கு வரச் சொன்னார்கள். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "உன்னைத்தானடி முன்னால விட்டிருக்கணும். எம்புத்தி இன்னும் வரப்புலயே நிக்குது."

ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. நர்சம்மா வெளியே வந்தார். களைத்திருந்தார். "எங்களைத் திட்டி என்னம்மா ஆவப்போவுது? மாசத்துக்கு இத்தனை ஆபரேஷன்னு மேல இருந்து கேக்கறாங்க. காட்டலன்னா மீட்டிங்ல எழுப்பி நிக்க வெச்சுடறாங்க." அவர் சொன்னதும் பொய்யில்லை. பிறகு அங்கே இருந்த ஒரே ஆம்பளையான என் பக்கம் திரும்பினார். "நீங்கதான வீட்டுக்காரர்? ரெண்டுக்கும் சேர்த்து ஒரு கையெழுத்து போடுங்க. இன்னைக்கே முடிச்சு அனுப்பிடறோம்."

நான் அதிகாரிகள் முன்னால் பேசியவன் இல்லை. ரேஷனில் எடை குறைந்தாலும் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவேன். ஒரு கையெழுத்தில் பயமெல்லாம் தீர்ந்துவிடும் என்றும் தோன்றியது. என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அவள் என்னிடம் கேட்க வேண்டியதாகவே இருக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது.

"அவதாங்க போடணும்," என்றேன்.

"என்ன?" என்றார் நர்சம்மா. என் குரல் அவருக்கு எட்டவில்லை.

"கையெழுத்து அவதாங்க போடணும். எதுக்குப் போடறதுன்னும் அவதாங்க சொல்லணும்."

"அண்ணன் பேசிட்டாருடி," என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

சாப்பிடக் கிளம்பிய டாக்டரம்மா கையில் பையோடு வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. பையைத் திரும்ப உள்ளே வைத்தார். "நீங்க வாங்கம்மா," என்று என் மனைவியைக் கூப்பிட்டார்.

"மேடம், மீட்டிங்ல கேப்பாங்க," என்றார் நர்சம்மா.

"கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

என் மனைவி தானே கையெழுத்துப் போட்டாள். ஆபரேஷன் இல்லாமல்தான் நடந்தது. சாயந்திரம் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்தாள். நர்சம்மாவே கைத்தாங்கலாக ஆட்டோ வரைக்கும் கூட்டிவந்து, சத்து மாத்திரையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது மழை. உப்பளத்தில் வேலை இல்லை. அந்த ஆபரேஷனைப் பற்றி நானாக எதுவும் கேட்டதில்லை. நேற்று அவளே பேச்செடுத்தாள். டாக்டரம்மாவிடம் போய் என்னென்ன வழி இருக்கிறது என்று கேட்டுவரலாம், ஆபரேஷனா வேறு ஏதாவதா என்று அப்புறம் சொல்கிறேன் என்றாள். நானும் வருகிறேன் என்றேன். வா, ஆனால் வெளியே இரு என்றாள்.

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை.