மேசையில் விழுந்த முத்திரை

எங்கள் காசிமேட்டுக் குப்பத்தில் கவுன்சிலர் தேர்தல் வந்தால் வேட்பாளர்களைவிட நான்தான் அதிகம் குதிப்பேன். ஜீப்பிலிருந்து வீசுகிற நோட்டீஸ்களின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். எனக்கு அதுதான் நோட்டுப் புத்தகம். எந்த ஜீப் வந்தாலும் பின்னால் ஓடுவேன். "இந்தப் பொண்ணு எல்லாக் கச்சிலயும் கீது" என்று சிரிப்பார்கள்.

நான் வீட்டில் படித்த பிள்ளை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள்தான். மீன் வாடை அடிக்கிறது என்று டீச்சர் என்னை மட்டும் வராந்தாவில் உட்கார வைத்திருந்ததை ஒருநாள் அம்மா வந்து பார்த்துவிட்டாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவள் பிறகு அனுப்பவே இல்லை. கருவாடு காயப்போட்ட இடத்தில்தான் பாடம். காக்கை விரட்டும் கழியாலேயே மணலில் எழுதிக் காட்டுவாள். குப்பத்துப் பெண்களில் ஆறாவது வரை படித்தவள் அவள் ஒருத்திதான். அதில் அவளைவிட எனக்குத்தான் கர்வம்.

நோட்டீஸ் என் கைக்கு வருமுன் அம்மா முன்பக்கத்தைப் படிப்பாள். ரோடு, குழாய், விளக்கு எல்லாவற்றையும் தாண்டிப் போய், படிப்பைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அந்த வரிக்கு என்னைச் சிவப்புப் பென்சிலால் கோடு போடச் சொல்வாள். பெரும்பாலான நோட்டீஸ்களில் பென்சிலுக்கு வேலையே இருக்காது. கடைசியில் இரண்டு பேர்தான் தேறினார்கள்.

குடைச் சின்னக்காரர் மாலையும் மேளமுமாக வந்தார். "வூட்டுல படிக்கிற பொண்ணா? சபாஷ்! பரீச்சைக்கு நானே இட்டுக்கினு போயி எழுத வெக்கிறேன்" என்று என் தலையைத் தடவினார். நான் அங்கேயே உருகிவிட்டேன். அம்மா என் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை விரித்தாள். எண்களுக்கு நடுவே எழுத்துகள் புகுந்துகொண்ட பக்கம்.

"இந்தக் கணக்க ஆரு சொல்லித் தருவாங்க?"

"நீதான் கீறியேம்மா டீச்சரு!" என்றார் அவர். கூட்டம் கை தட்டியது. அம்மா சிரிக்கவில்லை.

மேசைச் சின்னக்காரர் இரண்டே ஆட்களோடு நடந்து வந்தார். குப்பத்துக்குள்ளேயே பள்ளிக்கூடம் கட்டவேண்டும், ஒரு பிள்ளைகூட வீட்டில் இருக்கக் கூடாது என்றார். அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அம்மா அதே பக்கத்தைக் காட்டினாள். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "எனக்கே தெர்லம்மா. தெரிஞ்ச வாத்தியாராப் பாத்துத்தான் இட்டாரணும்" என்றார்.

"மீனு வாடை வருதுன்னு வெளிய குந்த வச்சா?"

"வாத்தியார வெளிய அனுப்பிடலாம்."

கணக்குத் தெரியாத ஆளுக்கு அம்மா பூஜ்யம் போட்டிருப்பாள் என்று நான் நம்பினேன்.

எங்கள் குப்பத்தில் வோட்டு என்பது தனி ஆளின் விஷயம் இல்லை. ஊர்ப் பெரியவர்களான நாட்டார்கள் கூடி ஒரு சின்னத்தைச் சொல்வார்கள். மொத்தக் குப்பமும் அதிலேயே குத்தும். அந்த முறை குடை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு நிம்மதி.

வோட்டுப் போடும் நாளில் தம்பிப் பாப்பா வீறிட்டு அழுததால், அவனை இடுப்பில் வைத்திருந்த என்னையும் அம்மாவோடு உள்ளே விட்டுவிட்டார் வாக்குச்சாவடி அதிகாரி. அட்டை மறைப்புக்குப் பின்னால் அம்மா முத்திரையை எடுத்தாள். நான் எட்டிப் பார்த்தேன். அவள் கை குடையைத் தாண்டிப் போய் மேசையில் குத்தியது.

தம்பியைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயந்தேன். தெரியாமல் குத்திவிட்டாளோ என்று பார்த்தால், மை காய வாயால் ஊதிக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் வரிசையில் நின்ற பெண்களுக்கு எதிரிலேயே கத்திவிட்டேன்:

"மேசைல குத்திட்டியே! என்னை இஸ்கூலுக்குத் தொரத்தப் பாக்கிறியா?"

வரிசை மொத்தமும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அன்று மாலையே நாட்டார்கள் என் நைனாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "அவ கை, அவ வோட்டு. நான் இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு வந்த நைனா, வீட்டில் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பெண்கள் அம்மாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுவே எனக்கு அடியைவிட மோசமாக இருந்தது.

குடை ஜெயித்தது. ஜெயித்தவர் அப்புறம் குப்பத்துப் பக்கம் வரவே இல்லை. பள்ளிக்கூடமும் வரவில்லை. தப்பித்தேன் என்று சந்தோஷமாக நோட்டீஸும் புத்தகமுமாக அம்மா முன்னால் போய் உட்கார்ந்தேன். எழுத்துகள் புகுந்த அந்தப் பக்கம் வந்ததும் வழக்கம்போல, "அத்த அப்பால பாத்துக்கலாம்" என்று தாண்டினாள். பல மாதமாக அப்படித்தான் தாண்டிக்கொண்டிருந்தாள். அவசியம் இல்லாத பக்கம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டி அம்மா அவர்களுக்குப் பரீட்சை வைக்கிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவள் ஆறாவது வரை படித்தவள் என்பது எனக்குத் தெரியும். எனக்குச் சொல்லித்தர அவளிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது என்பது தெரியாது.