மருதாத்தாள் கேட்ட சோதனை

“மருதாத்தாள். வயது ஐம்பதுக்கு மேல். பருத்த, திடகாத்திரமான உருவம். மூர்க்க சுபாவம். அரிசி கடத்தும் கும்பலின் தலைவி.” எழுபத்து நாலாம் வருஷம் ஒரு சோதனைச் சாவடியின் சுவரில் இப்படி எழுதி ஒட்டியிருந்தார்கள். இதில் வயது மட்டும் சரி.

எழுதிய அதிகாரி சென்னிமலை அவரை மாலையில் மட்டுமே பார்த்தவர். காலையில் பார்த்திருந்தால் முருங்கைக்காய் என்று எழுதியிருப்பார். பருமன் முழுவதும் பொள்ளாச்சிப் பக்கத்துப் புழுங்கலரிசி. நீளத் துணிப்பையில் அடைத்து இடுப்பைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் சேலை. மூர்க்க சுபாவத்தைப் பற்றிச் சொல்வதானால், எதிரே வாத்துக் கூட்டம் வந்தால் வரப்பைவிட்டு இறங்கி வழிவிடுகிறவர். கும்பல் என்பது ரேஷன் அரிசியின் வாடையைப் பொறுக்காத ஐந்தாறு பெண்கள்.

சாவடியும் பெரிதல்ல. கேரள எல்லையோரம் கோபாலபுரத்துக்கு வடக்கே ஒரு வண்டித்தடத்தில் மூங்கிலைக் குறுக்கே போட்டு, பக்கத்தில் ஒரு கொட்டகை. தமிழ்நாட்டு அரிசி கேரளத்துக்குப் போகக்கூடாது. மருதாத்தாள் வீடோ பாலக்காட்டுப் பக்கம். பேசுவது தமிழ், தின்னத் தோதானதும் தமிழ்நாட்டு அரிசி, நடுவில் மூங்கில். ஆகவே காலையில் கிழக்கே ஒல்லியாகப் போன பெண்கள் மாலையில் மேற்கே ஏழு மாத வயிற்றோடு திரும்பினார்கள். அறுபது வயது விதவையும் அப்படித் திரும்பினாள். யாரும் வாழ்த்தவில்லை, யாரும் விசாரிக்கவுமில்லை.

சோதிக்க நியமிக்கப்பட்டவன் மொக்கையன். வயதான பெண்களின் வயிற்றை அவன் ஏறிட்டும் பார்ப்பதில்லை. கடலைக் காட்டுக்குக் கூலி வேலைக்குப் போய்வரும் பதினாறு வயதுப் பூமாரியைத்தான் தினமும் சோதித்தான். அவளிடம் சோறு கொண்டுபோன காலித் தூக்குப்போசியைத் தவிர ஒன்றும் இல்லை. அவன் கை தேடியது அரிசியையும் அல்ல. ஒரு நாள் பூமாரி, இனி வேலைக்கு வரமாட்டேன் என்று அழுதாள். வீட்டில் படுக்கையில் கிடந்த தகப்பனுக்கும் அவளுக்கும் அந்தக் கூலிதான் சோறு.

மருதாத்தாள் இடுப்பில் அரிசியோடு நேரே அதிகாரியிடம் போனார்.

“ஏனுங் சார், பொம்பளைய ஆம்பள தொட்டுப் பாக்கறது எந்தச் சட்டத்துலீங்க இருக்குது?”

“அரிசி கடத்தறது எந்தச் சட்டத்துல இருக்குது?”

“அது என்ற தப்புங்க, என்னையப் புடிங்க. அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு? பொம்பளையச் சோதிக்கப் பொம்பளையப் போடுங்க.”

“பொம்பளை சோதிச்சா மொதல்ல மாட்டறது உன்னோட வயிறு. யோசிச்சியா?”

“என்ற வயித்த நானு பாத்துக்கறனுங்க.”

சென்னிமலை சிரித்து அனுப்பிவிட்டார்.

அடுத்த சந்தை நாள் காலையில் பெண்கள் மூங்கிலுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வண்டிகள் பின்னால் நீண்டன. அதில் ஒன்று தோப்புக்காரர் பொங்கியண்ணனுடையது. மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய வண்டி. பெண்களின் நியாயம் பற்றி அவருக்கு அதுவரை எந்தக் கருத்தும் இருந்ததில்லை. ராகுகாலம் நெருங்க நெருங்க உறுதியான கருத்து ஏற்பட்டது.

“யோவ், அவங்க கேக்கறதுல என்னய்யா தப்பு? ஒரு பொம்பளையப் போட்டுத் தொலையும்! நேரம் போகுது.”

சென்னிமலைக்குச் சட்டென்று ஒரு யோசனை பிறந்தது. “சரி, போடறேன். உன்ற நாத்தனா வள்ளியாத்தாளையே போடறேன்.”

ஒரு புளியமரத்தின் பாகத் தகராறுக்குப் பிறகு அவளுக்கும் மருதாத்தாளுக்கும் பேச்சில்லை. அரிசிப்பையை எப்படிக் கட்டுவது என்று மருதாத்தாளுக்குக் கற்றுக்கொடுத்ததே வள்ளியாத்தாள்தான்.

பின்னாலிருந்து ஒருத்தி கிள்ளினாள். “அக்கா, வேற ஆளாக் கேளுங்க. அவ நம்மள உரிச்சுப் போடுவா.”

“அவ வேண்டாம்னா சொல்லு, மொக்கையனே இருக்கட்டும்” என்றார் சென்னிமலை.

மருதாத்தாள் திரும்பிப் பார்த்தார். பூமாரி கூட்டத்தின் கடைசியில் தூக்குப்போசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“அவளே இருக்கட்டுமுங்க. வாய்தான் ஆகாது. கை சுத்தமுங்க.”

கொட்டகையின் ஓரத்தில் தென்னங்கீற்றுத் தடுப்பு எழுந்தது. பொங்கியண்ணன் ராகுகாலத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். மொக்கையன் வைக்கோல் வண்டிகளைக் குத்திப் பார்க்கும் வேலைக்கு மாற்றப்பட்டான். அங்கே உண்மையிலேயே நிறைய அரிசி கண்டுபிடித்தான்.

அன்று மாலை தடுப்புக்குள் முதலில் போனவர் மருதாத்தாள். ஊர் நிலவரம் தெரிந்த எவரும் வெறும் இடுப்போடு வந்திருப்பார்கள். அவரோ வழக்கம்போல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ‘அவளாவது, அண்ணிய அவுக்கச் சொல்றதாவது’ என்ற தைரியம்.

“அண்ணி, அவுருங்க” என்றாள் வள்ளியாத்தாள்.

“புளியமரத்துக்கப்பறம் எங்கிட்டப் பேசற மொத வார்த்தை இதாடி?”

“முடிச்சு இன்னும் தப்பாத்தான் போடறீங்க.”

உள்ளே சத்தம் வெகுநேரம் கேட்டது. பாதி அரிசியைப் பற்றி, மீதி புளியமரத்தைப் பற்றி. அரிசி பறிபோயிற்று. அதற்கடுத்து நுழைந்த பூமாரியின் தூக்குப்போசியை வள்ளியாத்தாள் திறந்து பார்த்து, மூடிக் கையில் கொடுத்து, “போ சாமி” என்றாள்.

அரிசி சுமந்த பெண்கள் மருதாத்தாளைப் பல மாதம் திட்டினார்கள். பழையபடி ஆக்கிவிடலாமா என்று சென்னிமலை ஒருமுறை கேட்டும் பார்த்தார். மருதாத்தாள் வேண்டாம் என்றார். ரேஷன் அரிசியைப் பொங்கித் தின்றார். பூமாரி நாள் தவறாமல் வேலைக்குப் போய் வந்தாள். அந்தச் சாவடியில் ஆண்கள் பெண்கள்மேல் கைவைத்துச் சோதிப்பதை நிறுத்தியவர் மருதாத்தாள்.