பச்சைத் தூண்கள்

காலை ஆறு நாற்பது. மனைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மூலைத் தூண். சென்ட்ரிங் பலகையைப் பிரித்துச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். தூண் அடியிலிருந்து நுனிவரை நீலம் கலந்த பச்சையாக நின்றது. அதன் முன்னால் மேஸ்திரி, கையில் சுத்தியலோடு.

“அக்கா, சிமெண்ட் டூப்ளிகேட். இது வேண்டாம்னு அப்பவே சொன்னேன்.”

சொன்னார்தான். உசிலம்பட்டி சாலையை ஒட்டிய அந்த மனையில் அஸ்திவாரம் தோண்டும்போதே மண்ணில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பக்கத்து வீட்டைப் பார்த்தாலே போதும். தூண்களுக்குள் கம்பி துருப்பிடித்து வீங்கி, காங்கிரீட் பட்டை பட்டையாக உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர் பொங்கலுக்குப் பொங்கல் பூசி வெள்ளையடிப்பார். ஆடிக்குள் மறுபடி உதிரும். என் பொறியாளர் அதைக் காட்டித்தான் ஸ்லாக் சிமெண்ட் போடச் சொன்னார். உருக்காலை உலையில் இரும்பு பிரிந்த பிறகு மிஞ்சும் கசடைப் பொடித்துக் கலப்பது அது. காங்கிரீட்டின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். உப்பு கம்பியை எளிதில் எட்டாது. ஆனால் மெதுவாகத்தான் இறுகும், கூடுதல் நாள் நனைக்க வேண்டும் என்றார். பலகை பிரித்ததும் பச்சையாகத் தெரியும், காற்றுப் பட்டால் வெளுத்துவிடும் என்றும் சொல்லியிருந்தார்.

மேஸ்திரி அதற்குள் வாடிப்பட்டிக்குப் போன் போட்டுவிட்டார். அங்கே இருக்கும் என் அண்ணனின் இரண்டு வீடும் இந்த மேஸ்திரி கட்டியவை. அண்ணன் பைக்கில் வந்து இறங்கியதும், மேஸ்திரி தூணின் ஓர் ஓரத்தைத் தட்டி உடைத்துக் காட்டினார். உள்ளே இன்னும் அடர்ந்த பச்சை.

“பாசி பிடிச்ச கெணறு மாதிரில்ல இருக்கு” என்றான் அண்ணன். “இரும்புக் கழிவப் போட்டு வீடு கட்டுறவ நீ ஒருத்திதான். பழைய இரும்புக் கடைக்காரன்ட்ட கேட்டிருந்தா சும்மாவே அள்ளிக் குடுத்திருப்பான்.”

“காத்துப் பட்டா வெளுத்துரும்ணே.”

“வெளிய வெளுக்கும். உள்ள?”

“உள்ள பச்சையாவே இருந்துட்டுப் போகட்டும். அதனால ஒண்ணும் ஆகாது.”

“பேப்பர்ல எழுதுறவுகளுக்குத் தெரியாதது என்ன இருக்கு? மேஸ்திரி, பிரேக்கர் மிஷினுக்குச் சொல்லு. அம்புட்டையும் ஒடச்சிட்டு நல்ல சிமெண்டா வாங்கிப் போடலாம்.”

“ஒண்ணையும் ஒடைக்கக் கூடாது.”

“விழுந்தா?”

“எந்தலைல விழட்டும். மனை எம்பேர்ல இருக்கு.”

அப்படியும் நண்பகலில் டிராக்டரில் பிரேக்கர் வந்தது. வண்டியை உள்ளே விடாமல், வந்த கூலியைக் கொடுத்துத் திருப்பினேன். அண்ணன் அதற்கு முன்பே கிளம்பியிருந்தான்.

“அப்ப இதுக்கு நான் பொறுப்பில்லக்கா” என்றார் மேஸ்திரி.

“பொறுப்பு என்னுது. தண்ணி ஊத்துறத மட்டும் நிறுத்தாதீங்க.”

ஒரு வாரம் ஊற்றினார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற அளவு அதுதான். அதற்குப் பிறகு தூண்களைச் சுற்றிய சாக்குகளை நானே நனைத்தேன். போர் தண்ணீர் உப்பு என்பதால் லாரித் தண்ணீர் வாங்கினேன். பத்திரிகை அலுவலகம் போகும்முன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை. பச்சை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், தூண்கள் சாதாரண சிமெண்டைவிட வெளுப்பாக நின்றன.

தூணுக்குப் போட்ட அதே கலவையில் வார்த்திருந்த காங்கிரீட் கட்டைகளை வலிமைச் சோதனைக்குக் கொடுத்திருந்தேன். ஏழாம் நாள் முடிவு குறைவாக வந்தது. மேஸ்திரி வழியாக அது வாடிப்பட்டிக்கும் போயிற்று.

“இப்பவாவது ஒடைப்பியா, மாட்டியா?” அண்ணன் போனில் கேட்டான்.

“மாட்டேன்.”

இருபத்தெட்டாம் நாள் முடிவு, வேண்டிய அளவைத் தாண்டி வந்தது. தாளை மேஸ்திரியிடம் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, “மேல தளத்துக்கும் இதே மூடையாக்கா?” என்றார்.

“இதேதான்.”

“அப்ப தளத்தத் தாங்குற முட்டுக்கம்ப சீக்கிரம் கழட்டித் தரக் கேட்டு என்னைய நச்சரிக்கக் கூடாதுன்னு சென்ட்ரிங்காரன்ட்ட நீங்களே சொல்லிருங்க. எம்பேச்சக் கேக்க மாட்டான்.”

சொன்னேன். கம்பி துருப்பிடிக்காது என்று இப்போதே எழுத முடியாது. அது தெரிய வருடங்கள் ஆகும். தூண்கள் நிற்கின்றன, மேலே தளம் இருக்கிறது.

கிரகப்பிரவேசத்துக்கு அண்ணி மட்டும் பஸ்ஸில் வந்து போனார்.