சுவிட்சுக்கு முன்னே ஏறிய சூடு

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வகையறாவிலேயே முதல் முனைவர் ஆகவிருந்தவள் பெரியப்பா மகள் தமிழ்ச்செல்வி அக்கா. மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டும் பெரியப்பா காசிநாதன், வாய்மொழித் தேர்வுக்கு முன்பே மாமல்லபுரம் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டிவிட்டார்: 'எங்கள் மண்ணின் முனைவர்!' கீழே தேதி.

சூரியனைப் போலக் கொதிக்கும் பிளாஸ்மாவைக் காந்தப்புலத்துக்குள் அடைப்பதுதான் அவள் படிப்பு. உள்ளே இருக்கும் கொந்தளிப்பில் சூடும் துகள்களும் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். சூடேற்றும் சக்தி ஓர் அளவைத் தாண்டினால், விளிம்பில் கொந்தளிப்பு சட்டென்று அடங்கி, கசிவு குறைந்துவிடும்.

"ஏசி ரயில்ல கதவு மூடற மாதிரியாக்கா?" என்று ஒருமுறை செங்கல்பட்டு ரயிலில் கேட்டேன்.

"அப்படித்தான்டா. கதவு மூடுனா ஆளும் வெளிய போவ முடியாது, குளிரும் போவாது. அதே மாதிரி சூடு, துகள் ரெண்டும் கசியறது ஒண்ணா நிக்குதா, ஒண்ணு முந்துதா? சூடு கசியறதுதான் முந்தி நிக்குதுங்கறேன் நான்."

அந்த 'முந்தி'தான் அவள் ஆய்வேட்டின் உயிர்.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பேச்சுக்குப் படம் தயார் செய்துகொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"சூடேத்தற சுவிட்ச இங்கதான் போட்டாங்க. கோடு பாரு, அதுக்கு முன்னாடியே ஏறுது. எந்த ஊரு அடுப்புடா இது?"

வெப்பநிலைக் கோட்டில் இரைச்சல் அதிகம். அதை வழவழப்பாக்க, ஒவ்வொரு புள்ளியையும் முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி எடுத்திருந்தாள். அவர்கள் தொழிலில் அது அன்றாட வேலை. பின்னால் வந்த சூடு அதில் முன்னால் ஒழுகிவிட்டது. துகள்களின் அளவைக் காட்டும் கோடு ஏற்கெனவே தெளிவாக இருந்ததால் அதைத் தொடவில்லை. அதனால் சூடு முந்தியது போலத் தெரிந்திருக்கிறது.

"மேடமே பாத்து ஓகே சொன்னதாச்சேக்கா. உட்டுடேன்."

"அந்தப் படத்தக் காட்டி நின்னு பேசணும்டா. எந்த வாயால பேசறது?"

வழிகாட்டி வத்சலா மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள். தேர்வு தள்ளிப்போனது. அடுத்த போன் பெரியப்பாவுக்கு.

"நைனா, பேனரக் கழட்டிடு."

"இன்னாம்மா, பெயிலா?"

"இல்ல. தப்பு பண்ணிகீறேன். திருத்திகினு வரேன்."

எல்லாச் சோதனைகளையும் மறுபடி கணக்கிட்டாள். கருவிகளுக்குத் தெரிந்த வரையில், சூடும் துகளும் ஒன்றாகவே நின்றன. தள்ளிப்போன தேர்வில், "இதில் புதிது என்ன?" என்று தேர்வாளர் கேட்டபோது, பழைய படத்தை எடுத்துப் போட்டு, இல்லாத முந்துதல் அதில் எப்படிப் பிறந்தது என்று விளக்கினாள். தேறிவிட்டாள்.

பெரியப்பா அதே பேனரை, தேதிமேல் புதுத் தாள் ஒட்டிக் கட்டினார். கடற்காற்றில் தாளின் ஓரம் பிரிந்துவிட்டது.

"பழைய தேதி தெரியுதேம்மா," என்று பசை டப்பாவைத் தேடினார்.

"தெரியட்டும், உடு நைனா," என்றாள் அக்கா.